முட்டைப் பெட்டிக்குக் கதவு எந்தப் பக்கம்?

கோழிக்கூடு அடிக்க நினைக்கிறவர்கள் கோழியைப் பற்றித்தான் முதலில் யோசிக்கிறார்கள். எத்தனை கோழி, எவ்வளவு இடம், எந்த வலை, எந்தக் கூரை. எல்லாம் முடிந்து கடைசியில்தான், முட்டையை எப்படி வெளியே எடுப்பது என்ற கேள்வி வரும். அப்போது எங்கேயாவது ஒரு மூலையில் பலகையை அறுத்து, மேலே தூக்கித் திறக்கிற மாதிரி ஒரு மூடியைப் பூட்டிவிடுவார்கள். என்னைக் கேட்டால் வேலையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கூட்டைக் கழுவுவது கிழமைக்கு ஒரு தரம். முட்டைக் கதவோ தினமும் திறந்து மூடப்படுவது. கூட்டில் மனிதக் கை அதிகம் படுகிற இடம் அதுதான்.

எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. முட்டை விலை ஏறி, 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்கிற அளவுக்கு நிலைமை போன நேரத்தில் இந்த ஒழுங்கையிலேயே இரண்டு மூன்று வீடுகளில் கோழி வளர்க்கத் தொடங்கினார்கள். அதில் ஒரு வீடு பிறகு மாடிக் குடியிருப்பு கட்டுவதற்கு விலைப்பட்டது. அவர்கள் போகும்போது கூட்டையும் ஆறு பேடுகளையும் எங்களுக்குத் தந்துவிட்டுப் போனார்கள். முட்டைக்கென்றே வளர்க்கிற கபில நிற லேயர் நான்கு, ஊர்க்கோழி இரண்டு. கூடு நல்ல கூடு. ஆறடிக்கு நாலடி, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கால்களில் நிற்கிறது. ஆனால் முட்டை எடுப்பதென்றால் பெரிய கதவைத் திறந்து, உடம்பின் பாதியை உள்ளே நுழைத்து, மூலையில் வைத்திருக்கும் பிளாஸ்டிக் கூடைக்குள் கையை விட வேண்டும். கதவு திறந்தவுடன் கோழிகள் எல்லாம் வாசலுக்கு ஓடி வரும்.

முட்டை எடுப்பவர் அம்மா. எழுபதைத் தாண்டியவர், முழங்கால் வலிக்காரர், விரல் மூட்டுகளும் காலையில் சுலபமாக மடங்காது. ஆனாலும் அந்த வேலையை வேறு யாருக்கும் விடமாட்டார். அதனால் கூட்டுக்கு வெளியே தள்ளி நிற்கிற ஒரு முட்டைப் பெட்டி, அதற்கு அம்மாவின் கைக்கு ஏற்ற ஒரு கதவு என்று தீர்மானித்தேன்.

முதல் கேள்வி, கூட்டின் எந்தச் சுவரில் பெட்டியை வைப்பது. கொழும்பில் மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. எங்கள் பின்வளவு கடலை நோக்கி மேற்குப் பார்த்தது. மழை நேராக விழாது, சாய்ந்து அடிக்கும். மேற்குச் சுவரிலோ தெற்குச் சுவரிலோ கதவு வைத்தால் என்ன செய்தாலும் தண்ணீர் உள்ளே போகும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை வேறு. கிழக்குச் சுவர் மழைக்கு மறைவு. ஆனால் பொதுவாகக் கிழக்கில் காலை வெயில் படும், கோழி முட்டை இடுவதும் பெரும்பாலும் காலையில்தான். முட்டையிடும் கோழி அரை மணி, ஒரு மணி என்று பெட்டிக்குள் குந்தியிருக்கும். கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைக் குறைக்கும். முப்பது பாகை வெயிலில் மூடிய பலகைப் பெட்டி என்றால் அது உள்ளேயே போகாது, நிழல் தேடிச் செடியடியில் முட்டையை இட்டுவிடும். எங்களுக்கு நல்ல காலம், கூட்டுக்குக் கிழக்கே குசினிச் சுவர் உயரமாக நிற்கிறது. பத்து மணி வரைக்கும் அதன் நிழல் கூட்டின் மேல்தான். குசினிக் கதவிலிருந்து அம்மா நடக்கிற தூரமும் குறைவு. ஆகவே கிழக்கு.

அடுத்தது உயரம். கோழி இரவில் எது உயரமான இடமோ அங்கே ஏறித்தான் தூங்கும். முட்டைப் பெட்டி தங்கும் தடியை விட உயரத்தில் இருந்தால் பெட்டியே படுக்கையறை ஆகிவிடும், விடிய விடிய எச்சமும் அதற்குள்தான். கோழிகள் ஏறி நிற்கிற தடி எங்கள் கூட்டில் தரையிலிருந்து 44 அங்குலத்தில் இருக்கிறது. பெட்டியின் தளத்தை 30 அங்குலத்தில் வைத்தேன். கூட்டின் தளத்திலிருந்து ஆறு அங்குல ஏற்றம்தான், கோழி சும்மா எட்டி ஏறிவிடும். வெளியே நிற்கும் அம்மாவுக்கோ அது கிட்டத்தட்ட இடுப்பளவு. குனியவும் தேவையில்லை, எட்டவும் தேவையில்லை. அளவு எடுக்கும்போது அம்மாவைச் சுவரோரம் நிற்கச் சொல்லி, முழங்கையை மடக்கி, அந்த உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டேன். இந்த வேலையில் நான் எடுத்த அளவுகளில் அதுதான் முக்கியமானது என்று இப்போதும் நினைக்கிறேன். பெட்டியின் மற்ற அளவுகள் எங்கும் கிடைக்கும். ஒரு கோழி குந்துகிற அறைக்கு 12 அங்குல அகலம், 12 முதல் 14 அங்குல ஆழம். நாலைந்து கோழிக்கு ஒரு அறை போதும். ஆறு கோழிக்கு நான் இரண்டு அறை வைத்தேன். இரண்டு வைத்தாலும் எல்லாம் ஒரே அறைக்குத்தான் வரிசையில் நிற்கும் என்பது கோழி வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

சரி, கதவு. வழக்கமாகச் செய்வது மேல்மூடி. பெட்டியின் கூரையே மூடி, பிணைச்சல் சுவரோரம், வெளி விளிம்பைப் பிடித்துத் தூக்க வேண்டும். செய்வதற்கு இலகு. ஆனால் பிணைச்சல் இருக்கும் அந்த இடுக்குத்தான் கூரையிலேயே தண்ணீர் தேங்கி இறங்குகிற இடம். ரப்பர் துண்டு வைத்து மறைக்கலாம். அது வெயிலில் காய்ந்து வெடிக்கிற வரைக்கும் நிற்கும். அதை விட, மூடியைத் தூக்கிப் பிடிக்க ஒரு கை வேண்டும். முட்டை எடுக்க ஒரு கை. கூடையை எங்கே வைப்பது? காற்று அடித்து மூடி விழுந்தால் விரல் போகும்.

இதை அம்மாவிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் பெட்டியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் ராசா, உதைக் கீழ விழுத்தித் திறக்கிற மாதிரி வைச்சால் என்ன? பழைய எழுத்து மேசைப் பலகை மாதிரி."

அதுதான் சரியான வழி. பெட்டியின் பின்பக்கம், அதாவது அம்மா நிற்கிற பக்கத்துப் பலகையே கதவு, பிணைச்சல் கீழே. கூரை அசையாமல் அப்படியே இருக்கும், அதில் ஒரு மூட்டும் இல்லை. கதவை விழுத்தினால் முட்டை நேரே கண்முன்னால். இரண்டு பக்கமும் சங்கிலி போட்டுக் கதவைச் சமமட்டத்தில் நிறுத்திவிட்டால் அதுவே கூடை வைக்கிற தட்டாகிவிடும். பழைய உமியையும் மரச்சீவலையும் நேரே வாரி வெளியே இழுத்துவிடலாம்.

இதற்கும் இரண்டு பிரச்சினை உண்டு. கதவு முழு உயரத்துக்கும் இருந்தால் திறந்தவுடன் சீவலோடு முட்டையும் உருண்டு வெளியே வரும். அதற்காக அடியில் நாலு அங்குல உயரத்துக்கு அசையாத தடுப்புப் பலகை ஒன்றை அடித்து, அதன் மேல் விளிம்பிலிருந்துதான் கதவைத் தொடங்கினேன். பின்பக்க மொத்த உயரம் 12 அங்குலம். அதில் தடுப்பு நாலு, கதவு எட்டு. துப்புரவு செய்யும்போது தடுப்புத் தடையாக இருக்கக் கூடாது என்பதற்காக, பெட்டியின் தளத்தையே அரை அங்குல வெல்ட் மெஷ் அடித்த சட்டமாகச் செய்து, கீழிருந்து இரண்டு கட்டைகளில் தாங்கவைத்தேன். கட்டையைத் திருப்பினால் தளம் கழன்று கையோடு வரும்.

இரண்டாவது பிரச்சினைதான் கொஞ்சம் யோசிக்கவைத்தது. கதவின் முகத்தில் வழியும் மழைநீர் கீழே பிணைச்சல் இருக்கும் இடுக்குக்குத்தான் வரும். இடுக்கு தட்டையாக இருந்தால் தண்ணீர் உள்ளே ஊறும். அதனால் தடுப்புப் பலகையின் மேல் விளிம்பைச் சீவுளியால் வெளிப்பக்கம் சரியும்படி சீவினேன். கதவின் கீழ் விளிம்பையும் அதே சரிவுக்குச் சீவினேன். பிணைச்சல் வெளி முகத்தில். இப்போது தண்ணீர் இடுக்குக்குள் போக வேண்டுமானால் மேட்டில் ஏற வேண்டும். சரிவை மாறிச் சீவிவிட்டால் தண்ணீர் நேரே உள்ளே வழியும். ஆகவே அறுப்பதற்கு முன் இரண்டு மட்டைத் துண்டுகளை வெட்டி வைத்துப் பார்ப்பது நல்லது.

கதவை இரண்டு பக்கப் பலகைகளுக்கு இடையே அடக்கமாகப் பொருத்தவில்லை. பக்கப் பலகைகளின் முனைகளை மூடிக்கொண்டு வெளியே படியும்படி வைத்தேன். தச்சு பாஸ்மார் அடக்கிப் பொருத்துவதைத்தான் அழகு என்பார்கள். வீட்டுக்குள் இருக்கிற அலுமாரிக்கு அது சரி. கொழும்பின் ஈரக்காற்றில் வெளியே நிற்கிற பலகை ஊதும். ஒக்டோபரில் அடக்கமான கதவு இறுகிப்போய், அம்மா இரண்டு கையாலும் இழுக்க வேண்டி வரும். வெளியே படிகிற கதவு ஊதினாலும் எதிலும் உரசாது.

கூரை பிளைவூட் பலகை, மேலே தகரம். பதினான்கு அங்குல ஆழத்துக்கு ஐந்து அங்குலச் சரிவு. பின்பக்கமும் பக்கங்களிலும் ஐந்து அங்குலம் வெளியே நீட்டி விட்டேன், கதவுக்கு அதுவே குடை. கூட்டுச் சுவரோடு கூரை சேர்கிற இடத்தில் ஒரு அலுமினியப் பட்டியை, மேல் பலகைக்கு உள்ளேயும் தகரத்துக்கு வெளியேயும் வருகிற மாதிரிச் சொருகி ஆணி அடித்தேன். மேலே இருப்பது எப்போதும் கீழே இருப்பதை மூட வேண்டும். அந்த ஒரு விதியைக் காப்பாற்றினால் இடுக்கை அடைக்கிற பசை ஒன்றும் தேவையில்லை.

இரும்புச் சாமான் வாங்கப் பழைய சோனகத் தெருவுக்குப் போனேன். அந்தத் தெருவில் ஏறி இறங்கினால் கிடைக்காத பிணைச்சல் இல்லை. கடற்கரையிலிருந்து நாலு வீடு தள்ளி இருக்கிறவர்களுக்குச் சாதாரண இரும்புப் பிணைச்சல் ஒரு மழைக்காலம் தாங்குவதே பெரிது. உப்புக்காற்று முலாமையும் தின்றுவிடும். பித்தளை நல்லது, விலை கூட. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மூன்று அங்குலப் பிணைச்சல் மூன்று எடுத்தேன், ஸ்க்ரூவும் அதே உலோகத்தில். பிணைச்சல் நல்லதாக இருந்து ஸ்க்ரூ இரும்பாக இருந்தால் துரு அங்கிருந்துதான் தொடங்கும், பலகையும் அந்த ஓட்டையைச் சுற்றிக் கறுத்து உக்கும். கைச்செலவு முட்டாக இருந்தால் பழைய டயரை இரண்டு அங்குலப் பட்டியாக வெட்டி அடித்தாலும் போதும். ஊரில் எத்தனையோ கூடு அப்படித்தான் வருடக்கணக்காகத் திறந்து மூடுகிறது.

இனிப் பூட்டு. கீழே விழுகிற கதவுக்கு இதுதான் உயிர். மேல்மூடி என்றால் கொளுக்கி கழன்றாலும் தன் பாரத்தில் மூடியே கிடக்கும். இது கழன்றால் வாயைத் திறந்துகொண்டு தொங்கும். எங்கள் பக்கத்தில் கீரி பகலில் மதிலில் நடக்கும், மரநாய் இரவில் மாமரத்திலிருந்து கூரைக்கு வரும், வாய்க்கால் ஓரத்திலிருந்து கபரகொய்யா என்கிற பெரிய நீர் உடும்பும் வரும். காகத்தைச் சொல்லவே வேண்டாம், முட்டை வெளியே தெரிந்தால் போதும். மரநாய்க்கு முன்னங்கால் கை மாதிரி வேலை செய்யும். வளையத்தில் மாட்டுகிற சாதாரணக் கொளுக்கியைத் தட்டித் தூக்கிவிடும். இதற்கு எல்லாரும் சொல்கிற மருந்து, நாய்ச் சங்கிலியில் இருக்கிற ஸ்பிரிங் கொளுக்கி. மிருகத்தால் திறக்க முடியாது என்பது உண்மை. ஆனால் அம்மாவாலும் முடியாது. அந்தச் சின்ன நாக்கைப் பெருவிரலால் பின்னுக்கு இழுத்துப் பிடிக்க வேண்டும், விரல் மூட்டு நோகிறவருக்கு அது தினசரித் தண்டனை.

கடையில் ஒவ்வொன்றாக எடுத்து, கையை முஷ்டியாகப் பொத்திக்கொண்டு திறந்து பார்த்தேன். முஷ்டியால் திறக்க முடிந்தது ஒன்றே ஒன்றுதான்: நாலு அங்குல உருளைத் தாழ்ப்பாள், கைபிடி நீளமாக, தள்ளியபின் கீழே மடக்கிவிடுகிற வகை. மடக்கியதை நிமிர்த்தினால்தான் கம்பி நகரும். நிமிர்த்துவது ஒரு அசைவு, இழுப்பது இன்னொரு அசைவு. மிருகம் தற்செயலாகத் தட்டினால் முதல் அசைவு நடக்கலாம், உடனே இரண்டாவதும் அதே திசையில் நடக்காது. மேல் மூலைகள் இரண்டிலும் ஒவ்வொன்று வைத்தேன். ஒரு தாழ்ப்பாள் மட்டும் போட்டால் மற்ற மூலையைப் பிடித்து வளைத்து இடைவெளி எடுக்கலாம். அரை அங்குல இடைவெளி இளம் எலிக்குப் போதும்.

பெட்டிக்குள் கோழி எதைத் தேடுகிறது என்பதை அம்மா என்னை விட நன்றாகச் சொன்னார். ஊரில் அவர் வீட்டில் முட்டைக்கென்று பெட்டி ஒன்றும் இருக்கவில்லையாம். குசினி மூலையில் ஒரு கடகம், அதில் வைக்கோல். அது இருட்டாக இருந்தால்தான் பேடு ஏறும், வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து வைத்தால் போய் விறகுக்கட்டுக்குள் இடும். அதனால் உள்வாசலை ஒன்பது அங்குலத்துக்குக் குறுக்கி, பழைய சாரத் துணியைக் கீலம் கீலமாகக் கிழித்துத் தொங்கவிட்டேன். இருட்டு இருந்தால் ஒன்றையொன்று கொத்துவதும், இட்ட முட்டையைக் கொத்திப் பார்ப்பதும் குறையும். இருட்டோடு காற்றும் வேண்டும். கூரைக்குக் கீழே பக்கப் பலகைகளில் ஒரு அங்குல ஓட்டை வரிசையாகப் போட்டு உள்ளே வலை அடித்தேன். சூடு மேலே எழுந்து அதனூடே போய்விடும்.

கதவை விழுத்தினால் அந்த இருட்டு ஒரு நொடியில் போய்விடும். உள்ளே இட்டுக்கொண்டிருக்கும் கோழி மிரண்டு எழும்பும், எழும்பும்போது முட்டையை மிதிக்கும். அதற்காகக் கதவின் நடுவில் ஒரு அங்குல ஓட்டை ஒன்று, அதை மூட ஒற்றை ஸ்க்ரூவில் சுழலுகிற சின்ன மரவட்டு. அம்மா முதலில் அதை விலத்திப் பார்ப்பார். கோழி இருந்தால் பேசாமல் திரும்பிவிடுவார்.

அந்த ஓட்டையால் நான் ஒரு காலை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கபிலப் பேடு ஒன்று சீவலைக் காலால் விலக்கி, நெஞ்சால் அழுத்திக் குழி செய்து, வட்டமாகத் திரும்பித் திரும்பிக் குந்தியது. பிறகு பாதி எழுந்து, முதுகிறகைச் சிலிர்த்து, வாலைக் கீழே வளைத்தது. முட்டை விழும்போது ஈரமாகப் பளபளத்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பளபளப்பு ஓரத்திலிருந்து மங்கி, முழு ஓடும் மாப்பூசியது போல வறண்டுவிட்டது. ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அந்த ஈரப்படலம் காய்ந்துதான் அவற்றை அடைக்கிறது. அது காய்வதற்குள் முட்டை எச்சத்தில் பட்டால் அழுக்கு உள்ளே போக வழி உண்டு. முட்டைப் பெட்டி உலர்ந்தும் துப்புரவாகவும் இருக்க வேண்டும் என்று நான் இவ்வளவு பிடிவாதமாக நிற்பதற்கு அந்தக் கொஞ்ச நேரம்தான் காரணம். அழுக்கில்லாத முட்டையைக் கழுவாமல் வைப்பதும் அதனால்தான்.

தளத்து மெஷ்ஷுக்கு மேல் தும்புத் தடுக்கு ஒன்றை வெட்டி விரித்து, அதன் மேல் மூன்று அங்குலத்துக்குச் சீவல். வைக்கோல் கொழும்பில் தேடி எடுக்க வேண்டிய சாமான். மொரட்டுவைப் பக்கம் தளபாடம் செய்கிற பட்டறைகளில் சீவல் சாக்குக் கணக்கில் கிடைக்கும். சுருளாக வருகிற, பசை படாத முழு மரச் சீவலாகப் பார்த்து எடுக்க வேண்டும். பிளைவூட், எம்டிஎஃப் அறுத்த தூள் வேண்டாம். அதில் பசை இருக்கும், தூசு கோழியின் மூச்சுக்கு ஆகாது. பலகை மூட்டுகளில் செவ்வுண்ணி பகலில் ஒளிந்திருந்து இரவில் வந்து இரத்தம் குடிக்கும். உட்பக்கம் முழுவதும் சுண்ணாம்பை இடுக்கெல்லாம் அடைபடும்படி தடித்துப் பூசினேன். கழிவு ஒயில் பூசச் சொல்லிப் பலர் சொல்வார்கள். வெளிக் கால்களுக்கு வேண்டுமானால் பூசுங்கள், முட்டை படுகிற இடத்தில் அந்த நாற்றமும் நஞ்சும் எதற்கு? வெளிப்பக்கம் பிரைமர் அடித்து எனாமல் பெயின்ட்.

புதுப் பெட்டியைக் கோழிகள் முதலில் எட்டிப் பார்த்ததோடு சரி. பழைய கூடையை எடுத்துவிட்டு, ஒவ்வொரு அறையிலும் மரத்தில் கடைந்த முட்டை ஒன்றை வைத்தேன். இன்னொரு கோழி இட்ட இடம் பாதுகாப்பான இடம் என்பது அவற்றின் கணக்கு. ஊர்க்கோழிகள்தான் முதலில் ஏறின. லேயர்கள் அவற்றைப் பின்பற்றின. பின்னேரங்களில் உள்வாசலைப் பலகையால் அடைத்து, இருட்டியபின் திறந்துவிட்டோம். உள்ளே படுக்கும் பழக்கம் வராமலிருக்க அது உதவியது.

ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம் எடுக்கும். அதனால் ஒரே கோழி நாளுக்கு நாள் கொஞ்சம் பிந்திப் பிந்தி இடும், பிறகு ஒரு நாள் விட்டுவிட்டு மறுபடி காலையில் தொடங்கும். அம்மா பத்து மணிக்கு ஒரு தரம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தரம் போகிறார். தாழ்ப்பாள்களை உள்ளங்கையாலேயே நிமிர்த்தி இழுத்துவிடுகிறார். கதவு சங்கிலியில் நின்றதும் அதன் மேல் கூடையை வைத்து, இரண்டு கையாலும் எடுத்து வைக்கிறார். ஊர்க்கோழி ஒன்று அடைக்கு இருந்தபோதும் இந்தப் பின்கதவு நல்ல உதவியாக இருந்தது. சேவல் இல்லாத கூட்டில் 21 நாள் குந்தினாலும் குஞ்சு வராது. பின்னாலிருந்து கையை விட்டுக் கோழியை மெல்லத் தூக்கிக் கீழே விடலாம், முன்னால் போனால் கொத்து வாங்க வேண்டும்.

தென்மேற்கு மழை முழுவதும் அடித்து ஓய்ந்தபின் தளத்தைக் கழற்றிப் பார்த்தேன். தும்புத் தடுக்கு உலர்ந்தே இருந்தது. கதவின் கீழ் விளிம்பில் மட்டும் வலது மூலையில் பெயின்ட் கொஞ்சம் உப்பியிருந்தது. கூரையின் அந்த மூலையில் தகரம் கால் அங்குலம் குறைவாக நீண்டிருப்பதால் சொட்டு அங்கே விழுகிறது. அந்த இடத்தில் ஒரு சின்னத் தகரப் பட்டி வைத்து நீட்டிவிட்டு, கதவின் விளிம்பைத் தேய்த்துப் புதுசாகப் பெயின்ட் பூச வேண்டும். தாழ்ப்பாள் கம்பிகளுக்கு மாதம் ஒரு தரம் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விடுகிறேன், உப்புக்காற்றில் அது இல்லாமல் சீராக வழுக்காது.